'பின்னர் அறிவிக்கப்படும்' என்று மருந்துச் சீட்டு எழுதலாமா?

2020 மே மாதம். ஊரடங்கு கொஞ்சம் தளர்ந்திருந்த நேரம். பாளையங்கோட்டையில் என் கிளினிக்கைக் காலையில் இரண்டு மணி நேரம் மட்டும் திறந்து வைத்திருந்தேன். வாசலில் சோப்பும் வாளித் தண்ணீரும். உள்ளே ஒரே ஒரு நாற்காலி. மாஸ்க் போட்டுக்கொண்டு ஒரு அம்மாவும் பத்தாம் வகுப்புப் படிக்கும் அவர் மகனும் வந்தார்கள்.

"டாக்டர், பத்து நாளா இவன் ராத்திரி தூங்க மாட்டேங்கான். சோத்தைக் கண்டாலே ஓங்கரிக்கான். வயித்துக்குள்ள என்னமோ புரளுதுங்கான்..."

நாடி பார்த்தேன். நாக்கைப் பார்த்தேன். வயிற்றை அமுக்கிப் பார்த்தேன். காய்ச்சல் இல்லை, இருமல் இல்லை. பித்தம் ஏறியிருந்தது, அவ்வளவுதான். "என்னப்பா பண்ணுது?" என்று பையனையே கேட்டேன். அவன் வயிற்றைப் பற்றிப் பேசவே இல்லை.

"சார், பரீட்சை உண்டா, இல்லையா? அதை மட்டும் சொல்லுங்க சார்!"

இருபத்தைந்து வருஷ அனுபவத்தில் இப்படி ஒரு வியாதியோடு யாரும் என்னிடம் வந்ததில்லை. சீரகமும் சுக்கும் சேர்ந்த ஒரு சூரணத்தை எழுதிக் கொடுத்து, "ராத்திரி செல்போனை அம்மாகிட்ட கொடுத்துட்டுப் படு" என்று சொல்லி அனுப்பினேன். அவன் கேட்ட கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. அன்றைக்குத் தமிழ்நாட்டில் யாரிடமும் இல்லை.

வீட்டுக்கு வந்தால் அதே கேள்வி எனக்காகக் காத்திருந்தது. என் மகளும் அந்த வருஷம் பத்தாம் வகுப்புதான்!

தேதிகள் நகர்ந்த கதை

மறந்து போனவர்களுக்காகக் கொஞ்சம் நினைவுபடுத்துகிறேன். 2020 மார்ச் 17 முதல் தமிழகத்தில் பள்ளிகள் மூடப்பட்டன. முதலில் மார்ச் 31 வரை என்றுதான் சொன்னார்கள். பத்தாம் வகுப்புப் பொதுத் தேர்வு மார்ச் 27 அன்று தொடங்க வேண்டியது. அது ஏப்ரல் நடுப்பகுதிக்குப் பிறகு என்று தள்ளிப் போனது. இதற்கிடையில் மார்ச் 25 முதல் நாடு முழுக்க ஊரடங்கு. ஒன்று முதல் ஒன்பது வரை எல்லோரும் பாஸ் என்று அறிவித்தார்கள். பத்தாம் வகுப்புக்கு மட்டும் முடிவு இல்லை.

மே மாதத்தில் ஜூன் 1 என்று தேதி வந்தது. ஒரே வாரத்தில் அது ஜூன் 15 ஆனது. கடைசியில் உயர் நீதிமன்றமும் கேள்வி கேட்ட பிறகு, ஜூன் 9 அன்று தேர்வு ரத்து, எல்லோரும் தேர்ச்சி என்று முதலமைச்சர் அறிவித்தார். காலாண்டு, அரையாண்டு மதிப்பெண்ணிலிருந்து 80 சதவீதம், வருகைப் பதிவிலிருந்து 20 சதவீதம் என்று மார்க் போடப்பட்டது.

பள்ளி மூடிய நாளிலிருந்து கணக்குப் போட்டால் 84 நாள். ஒன்பது லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் 84 நாள் புத்தகத்தை மூடவும் முடியாமல், திறந்து படிக்கவும் மனசில்லாமல் உட்கார்ந்திருந்தார்கள். அரையாண்டுப் பரீட்சை சமயத்தில் காய்ச்சலில் படுத்திருந்த பையனுக்கு, "அதான் உன் மார்க்" என்று ஜூனில் தெரிந்தபோது எப்படி இருந்திருக்கும்? யோசித்துப் பாருங்கள்.

எங்கள் வீட்டில் காலையிலிருந்து ராத்திரி வரை டி.வி. ஓடிக்கொண்டே இருக்கும். கீழே ஓடும் எழுத்துக்களில் 'பள்ளி' என்ற சொல் வந்தாலே மகள் எழுந்து வந்து நிற்பாள். அவளுக்குத் தலைவலி, பசியின்மை. நான் நீர்ப்பிரமியில் ஆரம்பித்து என் கையிலிருந்த மருந்தையெல்லாம் கொடுத்துப் பார்த்தேன். ஒரு நாள் என் மனைவிதான் சொன்னாள்: "என்னங்க, அவளுக்கு மருந்து வேண்டாம். முதல்ல அந்த டி.வி.யை நிறுத்துங்க." டாக்டர் நான், நோயைக் கண்டுபிடித்தது அவள்!

ரிமோட்டை எடுத்துப் பீரோவில் வைத்தோம். சாயங்காலம் ஏழு மணிச் செய்தி மட்டும். அதுவும் அரை மணி நேரம். ஒரு வாரத்தில் மகள் சரியாகச் சாப்பிட ஆரம்பித்தாள். அப்போது அவள் கேட்ட ஒரு கேள்வி இன்றைக்கும் என் காதில் இருக்கிறது.

"அப்பா, நீங்க பேஷன்ட்டுக்கு மருந்து கொடுத்தா எத்தனை நாள்னு சொல்வீங்கல்ல? திரும்ப எப்போ வரணும்னும் சொல்வீங்கல்ல? எங்களுக்கு மட்டும் ஏம்ப்பா யாருமே சொல்ல மாட்டேங்கிறாங்க?"

நானும் செய்த தப்பு

அரசாங்கத்தைப் பற்றிப் பேசும் முன் என் தப்பை ஒப்புக்கொண்டு விடுகிறேன்.

அந்த ஏப்ரலில் என் நோயாளிகளுக்காக ஒரு வாட்ஸ்அப் குழு வைத்திருந்தேன். கபசுரக் குடிநீரை எப்படிக் காய்ச்ச வேண்டும், எவ்வளவு குடிக்க வேண்டும் என்று சொல்வதற்காக ஆரம்பித்தது. சுக்கு, திப்பிலி, ஆடாதோடை, நிலவேம்பு என்று பதினைந்து சரக்கு சேர்ந்த குடிநீர் அது. "இதைக் குடித்தால் கொரோனா வராது என்று நினைத்து மாஸ்க்கைக் கழற்றாதீர்கள்" என்று தினம் தினம் எழுதுவேன். அந்த விஷயத்தில் நான் ஜாக்கிரதையான ஆள்தான்.

ஆனால் ஒரு ராத்திரி, 'பத்தாம் வகுப்புத் தேர்வு ரத்து, எல்லோரும் பாஸ்' என்று ஒரு செய்தி வந்தது. மேலே அரசு முத்திரை மாதிரி ஒன்று இருந்தது. என் மகளுக்கு ஆறுதலாக இருக்குமே என்ற சந்தோஷத்தில், யோசிக்காமல் குழுவில் போட்டுவிட்டேன். மறுநாள் அது பொய் என்று தெரிந்ததும் அழித்தேன். அழித்தால் போதுமா?

மே மாதம் ஜூன் 1 என்று தேதி வந்த பிறகு, ஒரு அம்மா மருந்து வாங்க வந்தார். கோபப்படவில்லை. மெதுவாகத்தான் சொன்னார்: "சார், நீங்க போட்டதைப் பார்த்துட்டு எம் பொண்ணு புஸ்தகத்தையெல்லாம் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குக் கொடுத்துட்டா. இப்போ போய்த் திரும்பக் கேட்டு வாங்கிட்டு வந்தோம். வேற யார் அனுப்பியிருந்தாலும் நம்பியிருக்க மாட்டோம் சார். நீங்க அனுப்பினதாலதான் நம்பினோம்."

எனக்குச் சுருக்கென்றது. சூரணத்தில் ஒரு சரக்கு மாறிவிட்டால் எவ்வளவு பதறுவேன்! வார்த்தையில் மாறினால் மட்டும் பரவாயில்லையா? நம்புகிறவர்களுக்குச் சொல்லும் செய்தியும் மருந்துதான். அளவு தவறினால் அதுவும் தீங்கு செய்யும்.

சீட்டில் என்ன இருக்க வேண்டும்?

சித்த மருத்துவக் கல்லூரியில் எங்களுக்கு முதலில் சொல்லிக் கொடுத்ததே இதுதான். மருந்தின் பெயரை மட்டும் எழுதினால் அது சீட்டு ஆகாது. யாருக்கு, எத்தனை நாள், எந்த வேளை, எந்த அனுபானத்தோடு, என்ன பத்தியம், மறுபடி எப்போது வர வேண்டும்... இத்தனையும் இருக்க வேண்டும். அனுபானம் என்றால் மருந்தைச் சேர்த்துக் கொடுக்கும் தேன், வெந்நீர், பால் மாதிரியானவை. இதில் ஒன்று விட்டுப்போனாலும் நோயாளி தன் இஷ்டத்துக்கு ஒன்றைச் செய்வார். குற்றம் நோயாளியுடையது அல்ல, சீட்டு எழுதியவருடையது.

கல்வித் துறை அறிவிப்பும் அப்படித்தான் இருக்க வேண்டும் என்பது என் கருத்து. ஐந்து வரி போதும்.

முதல் வரி: இது யாருக்கு? எந்த வகுப்பு, அரசுப் பள்ளியா, தனியார் பள்ளியா, எந்த மாவட்டம்?

இரண்டாவது: எதுவரை? 'மறு உத்தரவு வரும் வரை' என்பது ஒரு தேதி ஆகாது.

மூன்றாவது: ஏன்? நோய் கூடுகிறதா, குறைகிறதா, எதைப் பார்த்து இந்த முடிவு?

நான்காவது: அதுவரை வீட்டில் பிள்ளை என்ன செய்ய வேண்டும்? எந்தப் பாடம், எவ்வளவு நேரம்?

ஐந்தாவது: அடுத்து எப்போது சொல்வீர்கள்?

இந்த ஐந்தாவது வரிதான் ரொம்ப முக்கியம். "பரீட்சை எப்போது என்று இப்போது சொல்ல முடியாது. ஆனால் வரும் 15ஆம் தேதி சாயங்காலம் ஐந்து மணிக்கு அடுத்த நிலவரத்தைச் சொல்வோம்" என்று ஒரு வரி இருந்திருந்தால், என் மகள் டி.வி. முன்னால் நின்றிருக்க மாட்டாள். அந்தப் பையனும் நிம்மதியாகத் தூங்கியிருப்பான். முடிவு தெரியாமல் இருப்பதை மனசு தாங்கிக்கொள்ளும். எப்போது தெரியும் என்பதே தெரியாமல் இருப்பதைத்தான் உடம்பு தாங்காது. கவலையும் கண்விழிப்பும் பித்தத்தை ஏற்றும். வயிறு எரியும், தலை வலிக்கும், சாப்பாடு இறங்காது. மருந்து கொடுத்தால் கொஞ்சம் அடங்கும். காரணம் அப்படியே இருக்கும்போது எந்த மருந்து நிற்கும்?

"அரசாங்கத்துக்கு மட்டும் தெரியுமா?"

இதைச் சொன்னால் சில நண்பர்கள் என்னோடு சண்டைக்கு வருகிறார்கள். "நோயே புதுசு. டாக்டர்களுக்கே ஒன்றும் தெரியவில்லை. அரசாங்கம் மட்டும் எப்படித் தேதி சொல்லும்?" என்கிறார்கள். நியாயம்தான். தேதி மாறியதை நான் குறையாகச் சொல்லவே மாட்டேன். நோய் மாறினால் மருந்தை மாற்றித்தான் ஆக வேண்டும். மாற்றாத வைத்தியர்தான் ஆபத்தானவர்!

2020 நவம்பரில் ஒன்பது முதல் பன்னிரண்டு வரை 16ஆம் தேதி பள்ளி திறக்கும் என்று அறிவித்தார்கள். 9ஆம் தேதி பள்ளிகளில் பெற்றோரைக் கூப்பிட்டுக் கருத்துக் கேட்டார்கள். 12ஆம் தேதி, இப்போது திறக்கவில்லை என்று முடிவை மாற்றினார்கள். பலர் கேலி செய்தார்கள். நான் அதைத் தப்பாக நினைக்கவில்லை. கேட்டார்கள், கேட்டதை மதித்தார்கள். ஆனால், அடுத்து எப்போது பார்ப்போம் என்ற வரி இல்லாததால், அடுத்த இரண்டு மாதமும் வீட்டுக்கு வீடு வதந்திதான்.

அதே அரசாங்கம் 2021 ஜனவரியில் நன்றாகவே செய்தது. மறுபடியும் பெற்றோரிடம் கேட்டுவிட்டு, பத்து மற்றும் பன்னிரண்டாம் வகுப்புக்கு ஜனவரி 19 முதல் பள்ளி என்று சொன்னார்கள். ஒரு அறைக்கு 25 பிள்ளைகள், பெற்றோரின் சம்மதக் கடிதம் வேண்டும், வரும் பிள்ளைகளுக்கு வைட்டமின், துத்தநாக மாத்திரை என்று விவரமும் இருந்தது. அன்றைக்கு என் கிளினிக்குக்கு வந்த பெற்றோர் யாரும் பதற்றமாக இல்லை. கடிதம் எழுதினார்கள், மாஸ்க் வாங்கினார்கள், பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போய் விட்டார்கள். சீட்டு சரியாக இருந்தால் வீடு தானாக நடக்கும்.

2021 ஜூன் 5 அன்று பிளஸ் டூ தேர்வை ரத்து செய்தபோது ஆட்சி மாறியிருந்தது. அப்போதும் முதலில் கருத்துக் கேட்டார்கள். பத்தாம் வகுப்பிலிருந்து 50 சதவீதம், பிளஸ் ஒன்னிலிருந்து 20, பிளஸ் டூவில் 30 என்று கணக்கைப் பிறகு விளக்கிச் சொன்னார்கள். கணக்கு பிடிக்காதவர்கள் இருந்தார்கள், புரியாதவர்கள் குறைவு. ஆக, எந்தக் கட்சி என்பது இங்கே பேச்சில்லை. முடியும் என்பதற்கு இரண்டு ஆட்சியிலும் உதாரணம் இருக்கிறது.

பறந்த செய்தியும் படுத்த செய்தியும்

இன்னொரு வேடிக்கையும் நடந்தது. 'லீவு', 'ரத்து', 'ஆல் பாஸ்' என்ற செய்திகள் ஐந்து நிமிஷத்தில் ஊரையே சுற்றி வந்தன. பிள்ளைகளுக்கு உண்மையிலேயே உபயோகமான செய்திகள் படுத்துவிட்டன.

2020 ஜூலையில் மத்திய அரசு ஆன்லைன் வகுப்புக்கு அளவு சொன்னது. ஒன்று முதல் எட்டு வரை ஒரு நாளைக்கு இரண்டு வகுப்புக்கு மேல் வேண்டாம். ஒன்பது முதல் பன்னிரண்டு வரை நான்குக்கு மேல் வேண்டாம். ஒவ்வொன்றும் 30 முதல் 45 நிமிஷம்தான். நர்சரிப் பிள்ளைகளுக்கு அரை மணி நேரம், அதுவும் பெற்றோருக்கு வழி சொல்வதற்கே. எவ்வளவு நல்ல அளவு! அந்த வருஷம் கண் எரிச்சல், கழுத்து வலி என்று பிள்ளையைக் கூட்டி வந்த பெற்றோரிடம் எல்லாம் இதைக் கேட்டேன். தெரிந்தவர்கள் ஒரு கை விரலுக்குள் அடக்கம். மூன்றாம் வகுப்புப் பிள்ளை காலை ஒன்பது முதல் மதியம் ஒன்று வரை செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தது. பெற்றோருக்கு அளவு தெரிந்திருந்தால் பள்ளியில் தைரியமாகக் கேட்டிருப்பார்கள்.

கல்வித் தொலைக்காட்சி 2019 ஆகஸ்டிலேயே ஆரம்பித்துவிட்டது. ஊரடங்கில் வகுப்புவாரியாகப் பாடம் ஒளிபரப்பினார்கள். எந்த வகுப்புக்கு எத்தனை மணிக்கு என்ற அட்டவணையை வீட்டுச் சுவரில் ஒட்டி வைத்திருந்த குடும்பம் எத்தனை? எங்கள் வீட்டிலேயே இல்லை. பிறகுதான் எழுதி ஒட்டினோம்.

எங்கள் வீட்டில் பாத்திரம் தேய்க்க வரும் அக்காவுக்கு அரசுப் பள்ளியில் படிக்கும் இரண்டு பிள்ளைகள். சத்துணவுக்குப் பதிலாக அரிசியும் பருப்பும் கொடுக்கிறார்கள் என்பது அவருக்கு டி.வி.யில் தெரியவில்லை. அந்தப் பள்ளித் தலைமையாசிரியை தெருவுக்கே வந்து சொல்லித்தான் தெரிந்தது. இந்த மாதிரி ஆசிரியர்களை நான் நேரில் பார்த்தேன். துறையின் சுற்றறிக்கையை, படிக்கிற மாதிரி நாலு வரியாக்கி, கையால் எழுதிப் பள்ளி கேட்டில் ஒட்டி வைத்த ஆசிரியரும் உண்டு. அந்த நாலு வரிக்குக் கூட்டம் கூடியது!

சின்னப் பிள்ளைகளின் கணக்கு

நாம் எல்லோரும் பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ என்றே பேசிக்கொண்டிருந்தோம். சத்தமில்லாமல் அடிபட்டவை சின்னப் பிள்ளைகள். தமிழகத்தில் ஒன்று முதல் எட்டு வரை மறுபடி திறந்தது 2021 நவம்பர் 1 அன்று. பத்தொன்பது மாதத்துக்கும் மேல்! மூடும்போது யு.கே.ஜி.யில் இருந்த குழந்தை, திறக்கும்போது இரண்டாம் வகுப்பு. நடுவில் ஒன்றாம் வகுப்பு என்று ஒன்று அதன் வாழ்க்கையிலேயே கிடையாது. அவர்களுக்குப் பரீட்சை இல்லை. அதனால் அறிவிப்பும் இல்லை. 'ஆல் பாஸ்' என்ற ஒரே வரியோடு முடிந்தது.

தமிழகக் கிராமங்களில் சுமார் 19 ஆயிரம் குழந்தைகளைப் பரிசோதித்த ஒரு ஆய்வு 2022இல் வெளிவந்தது. மொழியிலும் கணக்கிலும் பெரிய பின்னடைவு. கணக்கில் இன்னும் அதிகம். ஆனால் பள்ளி திறந்து ஆறு மாதத்துக்குள் அதில் மூன்றில் இரண்டு பங்கை மீட்டுவிட்டார்கள் என்பதும் அதிலேயே இருக்கிறது. மீட்டதில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்குக்கு, 2021 அக்டோபரில் ஆரம்பித்த 'இல்லம் தேடிக் கல்வி' மாலை வகுப்புகள் காரணமாம். தெருவிலேயே இருக்கும் ஒரு அக்காவோ அண்ணனோ பாடம் சொல்லித் தந்ததற்குக் கிடைத்த பலன் அது.

இதில் ஒரு பாடம் இருக்கிறது. குழந்தையின் உடம்பு மாதிரிதான் குழந்தையின் படிப்பும். விட்டுப்போனதைச் சீக்கிரம் கவனித்தால் சீக்கிரம் தேறும். இந்த நல்ல செய்தியும் பல பெற்றோருக்குப் போய்ச் சேரவில்லை. "கொரோனா பேட்ச், இவனுக்கு ஒண்ணும் வராது" என்று பிள்ளையை வைத்துக்கொண்டே பேசும் பெற்றோரை இன்றைக்கும் பார்க்கிறேன். தயவுசெய்து அந்தப் பேச்சை விடுங்கள். அதைவிடக் கெட்ட மருந்து கிடையாது.

வீட்டில் நாம் என்ன செய்யலாம்?

அரசாங்கம் ஐந்து வரி எழுதும்போது எழுதட்டும். அடுத்த நெருக்கடி கொள்ளைநோயாகவும் வரலாம், வெள்ளமாகவும் வரலாம். 2023 டிசம்பரில் எங்கள் நெல்லையிலும் தூத்துக்குடியிலும் வந்த வெள்ளத்தை மறக்க முடியுமா? அப்போதும் 'நாளை ஸ்கூல் உண்டா?' என்று அதே செல்போன், அதே பதற்றம். அதனால் நம் வீட்டுக்கு நாமே ஒரு பத்தியம் வைத்துக்கொள்வோம்.

ஒன்று: செய்திக்கு ஒரு வேளை. காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை. நடுவில் வேண்டாம். நாள் முழுக்கச் செய்தி பார்ப்பது, நாள் முழுக்க மருந்து குடிக்கிற மாதிரி.

இரண்டு: செய்திக்கு ஒரு ஆள். வீட்டில் ஒருவர் மட்டும் பள்ளியிலோ துறையிலோ உறுதி செய்துவிட்டுச் சொல்லட்டும். பள்ளிக் கல்வித் துறைக்கு 14417 என்ற உதவி எண் 2018லிருந்தே உண்டு. கேட்டுவிட்டு அனுப்புங்கள். என்னை மாதிரி அனுப்பிவிட்டுக் கேட்காதீர்கள்!

மூன்று: பிள்ளையிடம் உண்மையைச் சொல்லுங்கள். "தெரியலைப்பா. சனிக்கிழமை கேட்டுச் சொல்றேன்" என்றால் சனிக்கிழமை கண்டிப்பாகச் சொல்லுங்கள். தெரியவில்லை என்றாலும் அதைச் சொல்லுங்கள். அந்த வாக்குதான் மருந்து.

நான்கு: பள்ளி இல்லாவிட்டாலும் பொழுது மாறக் கூடாது. எழுகிற நேரம், சாப்பிடுகிற நேரம், படுக்கிற நேரம் அப்படியே இருக்கட்டும். பதினான்கு, பதினைந்து வயதுப் பிள்ளைக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் வேண்டும். ராத்திரி செல்போன் வேறு அறையில் தூங்கட்டும்.

ஐந்து: திரையில் பாடம் என்றால், இருபது நிமிஷத்துக்கு ஒரு தடவை தூரத்தில் இருக்கும் மரத்தையோ மொட்டை மாடியையோ கொஞ்சம் பார்க்கச் சொல்லுங்கள். சாயங்காலம் வெயில் தாழ ஒரு மணி நேரம் வெளியில் விளையாடட்டும்.

ஆறு: வயிற்று வலி, தலைவலி என்று பிள்ளை அடிக்கடி சொன்னால், "ஸ்கூலுக்குப் போகாம இருக்க நடிக்கிறான்" என்று தள்ளிவிடாதீர்கள். வலி நிஜம்தான். முதலில் டாக்டரிடம் காட்டுங்கள். உடம்பில் ஒன்றும் இல்லை என்று தெரிந்த பிறகு, மெதுவாக உட்கார வைத்து என்ன பயம் என்று கேளுங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமும் சாப்பாடும் சரியில்லை என்றால் மனநல மருத்துவரிடம் போகவும் தயங்காதீர்கள். சித்த வைத்தியனான நானே சொல்கிறேன், எல்லாவற்றுக்கும் சூரணம் போதாது.

என் மகள் கதையை முடிக்க வேண்டுமே! 2021 பிப்ரவரி 8 அன்று பிளஸ் ஒன் வகுப்புக்கு முதல் முதலாகப் பள்ளிக்குப் போனாள். பதினேழு நாள் கழித்து, பிப்ரவரி 25 அன்று, மறுபடியும் 'ஆல் பாஸ்' என்றார்கள். மார்ச் 22 அன்று மறுபடியும் பள்ளி மூடிவிட்டது. அவள் பேட்ச் பிள்ளைகள் வாழ்க்கையில் எழுதிய முதல் பொதுத் தேர்வே 2022 மே மாதத்துப் பிளஸ் டூதான். அந்தக் காலையில் அவள் கை சில்லென்று இருந்தது. வாசல் வரை வந்து, "அப்பா, இன்னைக்கு நிச்சயமா பரீட்சை உண்டுல்ல?" என்று கேட்டாள். சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது.

"உண்டும்மா. பத்து மணிக்கு. நான் பள்ளிக்கூடத்தில் கேட்டுட்டேன்" என்றேன். அவ்வளவுதான், நேராக நடந்து போய்விட்டாள்.

இப்போது அவள் கல்லூரிப் படிப்பு வரை வந்துவிட்டாள். கிளினிக்குக்கு வந்த அந்தப் பையனும் எங்கோ நன்றாக இருப்பான் என்று நம்புகிறேன். அவனுக்கு நான் எழுதிக் கொடுத்த சூரணத்துக்கு ஏழு நாள் கணக்கு எழுதியிருந்தேன். வெந்நீரில் சாப்பிடு, புளியைக் குறை, அடுத்த வாரம் வந்து காட்டு என்றும் எழுதியிருந்தேன். ஒரு ஸ்பூன் சூரணத்துக்கே இத்தனை வரி வேண்டும் என்றால், ஒன்பது லட்சம் பிள்ளைகளின் ஒரு வருஷத்துக்கு ஐந்து வரி எழுதக் கூடாதா?